அடியில் ஓடும் ஒற்றைக்கோடு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பேச ஆள் கிடைக்காத வேலை. ஏசி போட்ட சின்ன அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கட்டிலில் ஒருவர், கம்ப்யூட்டருக்கு முன்னால் நீங்கள். அவர் பேசினால் திரையில் ஓடும் கோடு கெடும். நீங்கள் பேசினால் அவர் கண் உருளும், அதிலும் கோடு கெடும். "கண்ணை மூடுங்க. கண்ணைத் தொறங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." இருபத்தாறு வருஷத்தில் சில நாட்கள் நான் வாய் திறந்து சொன்னது இந்த மூன்றும், பஸ்ஸில் "கீரனூர் ஒண்ணு" என்பதும்தான். வீட்டைத் திறந்தால் காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

கழுத்து எலும்பு தேய்ந்து, ஐம்பத்து மூன்று வயதில் போதும் என்று விலகிக்கொண்டேன். புதுக்கோட்டையில் ஒரு நரம்பியல் கிளினிக்கில் ஈ.இ.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். தலையில் பசை வைத்து ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக எழுதுவது. எங்கே அளப்பது, எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கோடுகளுக்கெல்லாம் அடியில் தனியாக ஓடும் ஒன்றைப் பற்றி.

மேலே இருபது கோடு மூளையுடையது. கடைசிக் கோடு இதயத்துடையது. நெஞ்சில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி எடுப்பது. தலைக் கோடுகளில் நெஞ்சுத் துடிப்பு கலந்துவிட்டால் அடையாளம் கண்டு ஒதுக்குவதற்காக மட்டும் அது இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்காரவைத்த தூரத்து உறவு மாதிரி. அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகிப் போகும். தூக்கம் இறங்க இறங்க, மேலே அலைகள் அகலமாகும், கீழே துடிப்பு நிதானமாகும். ஒரு முறை பிளஸ் டூ படிக்கும் பெண்ணொருத்தி வந்திருந்தாள். பரீட்சை ஹாலில் மயங்கி மயங்கி விழுந்தவள். "நூத்துலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வா, மனசுக்குள்ள" என்றேன். எங்கேயோ அவளுக்குக் கணக்கு தப்பியது. மேலே கோடுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன, அடியில் துடிப்புகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடின. அந்த நேரம் வெளியே பெஞ்சில் இருந்த அவள் அம்மா இருமினாள். ஒரே ஒரு இருமல். நான்கைந்து துடிப்புக்குள் கீழ்க்கோடு தணிந்துவிட்டது.

மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் என்று எங்கள் டாக்டரம்மா சொல்வார். இழுத்துப் பிடித்தால் நிதானம், விட்டால் ஓட்டம். பிடிக்கிற கை மூளையுடையது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு புதன்கிழமை கோட்டைவிட்டேன்.

அதற்கு முன் என் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பெண்களுக்கு நெஞ்சு ஸ்டிக்கரை நானே ஒட்டுவேன். ஆண்கள் வந்தால் உரித்துக் கையில் கொடுத்துவிடுவேன். "கழுத்தெலும்புக்குக் கீழ, ரெண்டு பக்கமும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர்கள் சட்டைப் பட்டனைப் போடும்வரை திரும்பமாட்டேன். யாரும் போட்ட விதியில்லை. ஊர் அப்படி, நானும் அப்படி. தலையைத் தொடலாம், நெஞ்சைத் தொடக் கூடாது. அவர்கள் வேர்வை மேல் ஒட்டுவார்கள், முடி மேல் ஒட்டுவார்கள், ஒருவர் பனியன் மேலேயே ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். பாதி நேரம் கழன்றுவிடும். கழன்றால் ரெக்கார்டில் "நெஞ்சு லீட் லூஸ்", அதாவது நெஞ்சு ஒயர் கழன்றது என்று ஒரு குறிப்பு. அடிக்கடி தேவைப்பட்டதால் ஒரே பட்டனைத் தட்டினால் அந்தக் குறிப்பு விழும்படி வைத்திருந்தேன். அதைத் தட்டிவிட்டு மேலே போய்க்கொண்டிருப்பேன்.

அந்தப் புதன்கிழமை வந்தவர் பெயர் துரைக்கண்ணு. நாற்பத்தாறு வயது. பொன்னமராவதிப் பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். அடிக்கடி மயங்கி விழுகிறார். நெஞ்சுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தலையையும் பார்த்துவிடலாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். இந்தப் பரிசோதனைக்கு முந்தின ராத்திரி தூங்காமல் வரவேண்டும்.

"ராத்திரி தூங்காம இருந்தீங்களா? யாரு முழிக்க வச்சது?"

"தனியாத்தான் இருக்கேன் சிஸ்டர். முழிச்சிருக்கறதுக்கா ஆளு வேணும்? தூங்குறதுக்குத்தான் வேணும்."

நான் நர்ஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் 'கூட வந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த திரை வராது. விழுந்ததைப் பார்த்தவர் சொல்லும் சேதிதான் டாக்டருக்குப் பாதி வைத்தியம்.

"கூட யாரு வந்திருக்கா?"

"ஆட்டோக்காரருதான்."

வெளியே எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலில் ஆட்டோ ஓட்டும் அழகர் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தான். "அக்கா, நான் பஸ் ஸ்டாண்டுலேருந்து இங்கிட்டுக் கொண்டாந்தேன், அம்புட்டுத்தான். என்னைய மாமன் மச்சான்னு எழுதிப்புடாதீங்க" என்றான். வேறு வழியில்லாமல் 'அழகர், ஆட்டோ' என்று அடித்து, அவன் நம்பரையே போட்டேன்.

"விழுறப்ப பாத்தவங்க யாராச்சும்?"

"பாத்தவங்க நெறையப் பேரு இருக்காங்க சிஸ்டர். பக்கத்துல வந்தவங்கதான் இல்ல." அவர் சிரித்தார். "தண்ணியப் போட்டுட்டுக் கெடக்கான்னு தாண்டிப் போயிருவாங்க. நான் தொட்டதே இல்ல. எம் பொண்டாட்டியே நம்பல. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆவூருக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. நான் குடிக்கலங்கறது இதுல தெரியுமா?"

"படுங்க. பேசக் கூடாது" என்றேன். என் தொழில் எனக்குக் கொடுத்திருந்த வசதியான வாக்கியம் அது. அடைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் நல்ல கதவு.

தலையில் ஒட்டி முடித்தேன். நெஞ்சு ஸ்டிக்கரைக் கையில் கொடுத்துச் சுவரைப் பார்த்தேன். "சீக்கிரம் முடிங்க சிஸ்டர், மத்தியானம் ஒரு கெணத்துல எறங்கி மோட்டாரத் தூக்கணும், ஆளுக காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். விளக்கை அணைத்தேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். பாதித் தூக்கத்தில் இருந்தவர் திடீரென்று, "சிஸ்டர், எங்கயோ ஒயரு கருகுது" என்றார். எனக்கு எந்த வாசமும் வரவில்லை. ஆனால் மோட்டார் மெக்கானிக் சொல்கிறாரே. எழுந்து போய் ஏசி பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், யு.பி.எஸ். பின்னால் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு போர்வை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மேலே கோடுகள் குழம்பிக் கிடந்தன. வாயசைவு என்று நினைத்தேன். அடியில் இதயக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். பட்டனைத் தட்டினேன். நெஞ்சு லீட் லூஸ்.

"வாயை அசைக்காதீங்க." பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் துடிப்பு தானாகவே வந்தது. அவர் அசைந்ததில் ஸ்டிக்கர் திரும்பவும் ஒட்டிக்கொண்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

எழுந்ததும் முகம் வெளுத்து, "தூங்கிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆமா. டாக்டரம்மா வெள்ளிக்கிழமை திருச்சிலேருந்து வந்து பாப்பாங்க. போயிட்டு வாங்க."

அவர் போய்விட்டார். அடுத்து ஒரு குழந்தைக்கு எடுத்து முடித்துவிட்டு மூன்று மணி பஸ் ஏறினேன்.

அந்த பஸ்ஸில் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்துகொண்டே வந்தது. பாட்டு பாதி, இரைச்சல் மீதி. கண்டக்டர் வந்து முஷ்டியால் ஒரு குத்து விட்டார். இன்னும் ஜாஸ்தியானது.

"என்னண்ணே, இந்தக் கத்து கத்துது?" என்றார் என் பின் சீட்டுக்காரர்.

"ஒயரு லூசு. லூசாப் போனா கத்தத்தானே செய்யும். எங்க மச்சினனப் பாத்ததில்லையே நீங்க."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காலையில் பார்த்த கோடு ஞாபகம் வந்தது.

இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். கழன்ற லீட் சும்மா இருக்காது. காற்றில் இருக்கிற கரண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு தடித்து, மேலும் கீழும் துள்ளிக் கத்தும். நான் பார்த்த கோடு கத்தவில்லை. சுத்தமாக, நேராக இருந்தது. சுத்தமாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் சரியாகத்தான் ஒட்டியிருந்தார். எழுதுவதற்குத்தான் அந்த நேரம் அங்கே துடிப்பு இல்லை.

கருகிய வாசம். சப்புக்கொட்டிய வாய். தடவிய விரல். எல்லாம் வலிப்பின் அடையாளங்கள், ஒவ்வொன்றாக என் மடியில் வந்து விழுந்தன. அவர் கிணற்றில் இறங்கப் போகிறார்.

"எறங்கணும், எறங்கணும்" என்று கத்தி, நார்த்தாமலை விலக்கில் இறங்கினேன். ரோட்டில் வெயிலையும் என்னையும் தவிர யாருமில்லை.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். கையில் ரெக்கார்டு இல்லை. ஞாபகம் மட்டும் இருக்கிறது. திரும்பிப் போய்ச் சரிபார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை. டாக்டர் பார்க்காத ஒன்றை டெக்னீஷியன் நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பதும் முறை. திரும்பிப் போக பஸ் கிடைக்க அரை மணி, போய்ச் சேர அரை மணி. கிணற்றுக்குள் இறங்க ஐந்து நிமிஷம் போதும். துரைக்கண்ணு நம்பர் என்னிடம் இல்லை. நான் அழகருக்குப் போன் போட்டேன்.

"அந்தக் காலையில வந்தவரா? அப்பவே பொன்னமராவதி பஸ்ல ஏத்திவிட்டுட்டேனேக்கா. நம்பரா? இருக்கு. வெள்ளிக்கெழம திரும்ப வாரேன், நீதான் வரணும்னு குடுத்துட்டுப் போனாரு. நாமதான் மாமன் மச்சானாச்சே."

இரண்டாவது தடவை அடித்தபோது துரைக்கண்ணு எடுத்தார். பின்னால் ஆட்கள் சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"கெணத்து மேட்டுலதான் சிஸ்டர். கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன்."

"எறங்காதீங்க."

"ஏன் சிஸ்டர்?"

உங்கள் இதயம் நின்றது என்று கிணற்று விளிம்பில் நிற்பவரிடம் சொல்ல முடியுமா? "டெஸ்ட்ட நான் தப்பாப் பாத்துட்டேன். என் தப்பு. இப்பவே திரும்ப எடுக்கணும்" என்றேன்.

"நாளைக்கு வாரேனே. மோட்டாரு உள்ள கெடக்கு, தோட்டத்துக்காரரு நிக்கிறாரு."

"துரைக்கண்ணு, காலையில ஒயர் எதுவும் கருகல. நான் எல்லாத்தையும் பாத்தேன். அந்த வாசம் வெளியேருந்து வரல. உங்க தலைக்குள்ளேருந்து வந்தது."

 குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அந்த வாசம் வந்தாத்தான் சிஸ்டர் நான் விழுவேன். ஒவ்வொரு வாட்டியும் எங்கயோ மோட்டாரு கருகுதுன்னு தேடிக்கிட்டே விழுவேன். யாருக்கிட்டயும் சொன்னதில்ல."

"அதான் சொல்றேன். கயித்த அவுத்துருங்க. மேட்டுலேருந்து தள்ளி வந்து உக்காருங்க."

"உக்காந்தா இவங்க என்ன நெனப்பாங்க தெரியுமா? மத்தியானத்துலயே ஏத்திக்கிட்டு வந்துட்டான்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லிருவீங்க."

"நெனைக்கட்டும் துரைக்கண்ணு. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். போனில் ஒருவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. "அண்ணனுக்கு ஏறிருச்சுடா, எளநி வெட்டிக் குடுங்கடா." அவர் மறுவார்த்தை பேசாமல் அந்தப் பேரை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். என் வார்த்தையை மட்டும் நம்பி. போனைத் தோட்டத்துக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, அவரிடம் பேசி, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவர ஏற்பாடு செய்தேன்.

பஸ் பிடித்துத் திரும்பி, கிளினிக்கைத் திறந்து ரெக்கார்டைப் பார்த்தேன். திரையில் ஒரு பக்கம் என்பது பத்து செகண்ட். நான் ஏசி பிளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, இடது காதுக்கு மேலே இரண்டு கோட்டில் மட்டும் சின்னதாக, ஒழுங்காக ஓர் அலை தொடங்கியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அது பக்கத்துக் கோடுகளுக்குப் பரவுகிறது. கீழே துடிப்புகள் விலகுகின்றன, இன்னும் விலகுகின்றன, பிறகு இல்லை. ஒரு முழுப் பக்கம் இல்லை. அடுத்த பக்கத்திலும் கொஞ்சம் இல்லை. பதினோரு செகண்ட். இதயம் தானாக நிற்கவில்லை. மூளையில் எழுந்த வலிப்பு கடிவாளத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. எது முதலில், எது பின்னால் என்பது அங்கே எழுதியிருந்தது. அதன் நடுவில் என் குறிப்பும் இருந்தது. நெஞ்சு லீட் லூஸ்.

டாக்டரம்மாவுக்கு அந்தப் பக்கங்களை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"கழண்ட லீட் இவ்வளவு சுத்தமா இருக்குமாம்மா?"

"இருக்காது டாக்டர்."

"தெரிஞ்சும் ஏன் அப்படி எழுதுன?"

"பழக்கம் டாக்டர். அழிச்சிரட்டுமா?"

 "அழிக்காத. கீழ திருத்தி எழுது. நீ தப்பா நெனச்சதும் ரெக்கார்டுதான். நான் ஆம்புலன்ஸ் அனுப்புறேன், வர்ற வரைக்கும் அவர மிஷின்ல போட்டுப் பாத்துக்கிட்டே இரு. ஒன் கையால ஒட்டு."

ஆறு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கட்டிலில் படுத்ததும் காலையில் செய்தது போலவே ஸ்டிக்கருக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பட்டனைக் கழற்றச் சொல்லி, வேர்வையைப் பஞ்சால் துடைத்து, கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டி, விரலால் ஓரங்களை அழுத்தினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பித் திரையைப் பார்த்தால் அடியில் துடிப்புகள் நெருக்கியடித்து ஓடிக்கொண்டிருந்தன. பயந்துபோனேன். பிறகுதான் புரிந்தது. ரெண்டு வருஷமாக அந்த நெஞ்சில் இன்னொரு கை பட்டிருக்காது. என் விரல் நுனியும் எதையோ ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தது. நான் கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டேன். மெல்ல மெல்லத் துடிப்பு நிதானமானது.

"சிஸ்டர், அந்த நேரத்துல நான் எங்கிட்டுப் போயிர்றேன்?"

"எங்கிட்டும் போகல. என் முன்னாலதான் இருந்தீங்க. நாந்தான் பாக்கல."

பேசக் கூடாது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார், கோடுகள் கெட்டுக்கொண்டே இருந்தன. அடிக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் மாத்திரை தொடங்கினார்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டரம்மாவைப் பார்க்க வந்தார். இந்தத் தடவை கூட ஓர் அம்மாள். ஆவூரிலிருந்து வந்த மனைவி. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நேராக என் அறைக்கு வந்து நின்றாள்.

"அதுல தெரியுதுன்னாங்களே, என்ன தெரியுது? காட்டுங்க."

பக்கத்தைத் திறந்தேன். நேர்க்கோட்டின் மேல் விரலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தாள்.

"பதினோரு செகண்டுன்னா எம்புட்டு நேரம்?"

 சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம். மூன்று. நான்கு. அறையில் ஏசி மட்டும் ஓடியது. ஆறாவது செகண்டில் அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். எட்டு. ஒன்பது. "போதும்" என்றாள், "போதும், நிறுத்துங்க." கடிகாரத்தை யார் நிறுத்துவது? பதினொன்று வந்தது, போனது. அவள் விடவில்லை. "எத்தனவாட்டி இப்புடிக் கெடந்திருப்ப நீ" என்று அவரைப் பார்த்து ஒருமையில் கேட்டாள். பிடித்த பிடியிலேயே வாசல் வரை நடந்து போனார்கள். அழகர் ஆட்டோவைத் திருப்பும் சத்தம் கேட்டது.

ஆண்களுக்கும் உங்கள் கையாலேயே ஒட்டுங்கள். ஒற்றைத் தட்டில் விழும்படி எந்தக் குறிப்பையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வேறு ஆளில்லை. கதவைச் சாத்தினேன். நெற்றியில் ஒரு எர்த் ஒயர், நெஞ்சில் இரண்டு ஸ்டிக்கர், எனக்கு நானே ஒட்டிக்கொண்டேன். பெயர் கட்டத்தில் என் பெயர். வயது. ஊர், கீரனூர். அடுத்து 'கூட வந்தவர்'. கர்சர் அங்கே மினுங்கி மினுங்கி நின்றது. நிரப்பாமல் அடுத்த திரை வராது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு 'அழகர், ஆட்டோ' என்று அடித்தேன். திரை திறந்தது. தலை இல்லாத இருபது ஒயரும் மேலே கத்திக்கொண்டிருக்க, அடியில் ஒன்று மட்டும் சுத்தமாக ஓடத் தொடங்கியது.